பிரேக் சத்தம் போட்டா எங்க பார்க்கணும், எதை அளக்கணும்?

எபிசோடோட எழுத்து வடிவம் இது. படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.

வழக்கமா இங்க டெக் பத்திப் பேசுவோம். இன்னைக்கு கார் பிரேக் பத்திப் பேசப் போறேன். அதுக்குக் காரணம் இருக்கு.

மூணு வருஷம் முன்னாடி ஒரு லாங் வீக்கெண்ட். ஏற்காட்டுல இருந்து சேலத்துக்கு இறங்கிட்டு இருந்தோம். நான் ஓட்டுறேன், பக்கத்துல அப்பா, பின்னாடி அம்மாவும் தங்கச்சியும். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. பாதி கூட இறங்கியிருக்க மாட்டோம், இடது முன் வீல்ல இருந்து கரகரன்னு ஒரு சத்தம். அம்மியில வெறும் கல்லை வச்சு அரைச்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி. பிரேக் மிதிச்சா ஸ்டியரிங் லேசா வலது பக்கம் இழுக்குது. கூடவே ஏதோ கருகுற வாடை. அப்பா சத்தமே போடாம, "ஓரங்கட்டுப்பா"ன்னு மட்டும் சொன்னார்.

குரங்குங்க வேடிக்கை பார்க்க, ரெண்டு மணி நேரம் ரோட்டோரத்துல உட்கார்ந்திருந்தோம். கோரிமேட்டுல இருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் புது பேட் வாங்கிட்டு பைக்ல மேல வந்தார். வீலைக் கழட்டினார், காலிப்பரைத் தூக்கினார், ரெண்டு பேடையும் எடுத்து என் கையில வச்சார். வெளிப் பக்கத்து பேட்ல நல்லா ஏழு மில்லிமீட்டர் இருக்கும். உள் பக்கத்து பேட்ல ஒண்ணுமே இல்ல. வெறும் இரும்புத் தகடு. அந்தத் தகடுதான் டிஸ்க்கை உழுதுகிட்டு இருந்திருக்கு.

"பின் ஜாம் ஆயிருச்சுங்க தம்பி. வெளிய இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாதுங்க"ன்னார்.

எனக்கு அடிச்சது அந்த ரெண்டாவது வரிதான். ஏன்னா நான் வெளிய இருந்து பார்த்திருந்தேன். பார்த்துட்டு "எல்லாம் ஓகே"ன்னு நானே முடிவு பண்ணியிருந்தேன்.

ஆறு வாரமா சொல்லிட்டே இருந்துச்சு

திரும்பிப் பார்த்தா, அந்த பிரேக் என்கிட்ட மூணு தடவை பேசியிருக்கு.

முதல் தடவை, கீச்சுன்னு ஒரு சத்தம். வேளச்சேரி சிக்னல்ல மெதுவா போகும்போது கேட்கும். நான் கண்ணாடியை ஏத்தி ஏசியைப் போட்டேன். சத்தம் போயிருச்சு. அதாவது என் காதுல இருந்து போயிருச்சு.

ரெண்டாவது, சத்தம் விடல. சரின்னு பொறுப்பா ஒரு வேலை பண்ணேன். அலாய் வீல் இடுக்கு வழியா மொபைல் டார்ச் அடிச்சு பேடைப் பார்த்தேன். தடிமனா இருந்துச்சு. தூசியா இருக்கும்னு விட்டுட்டேன்.

மூணாவது, வளைவுல திரும்பும்போது டேஷ்போர்டுல சிவப்பா பிரேக் லைட் மினுக்குச்சு. பானெட்டைத் திறந்து பார்த்தா பிரேக் ஆயில் குறைஞ்சபட்சக் கோட்டுக்குக் கீழ இருக்கு. ஒரு பாட்டில் வாங்கி ஊத்தினேன். லைட் அணைஞ்சிருச்சு. நானே சரி பண்ணிட்டேன்னு பெருமை வேற.

நான் பண்ணது என்னன்னு இப்போ தெரியுது. சர்வர்ல ஒரு அலர்ட் வருது. என்ன ஏதுன்னு பார்க்காம அதை மியூட் பண்றோம் பாருங்க, அதேதான். வேலை பார்க்கிற இடத்துல யாராவது அப்படிச் செஞ்சா நானே கத்துவேன்.

இன்னைக்கு எபிசோடோட சாரம் ரெண்டு வரிதான். சத்தம், எங்க பார்க்கணும்னு சொல்லும். மாத்தணுமா வேண்டாமான்னு அளவுதான் சொல்லும். காதை மட்டும் நம்பினாலும் தப்பு, கண்ணை மட்டும் நம்பினாலும் தப்பு. ரெண்டாவது தப்புக்கும் என்கிட்ட ஒரு கதை இருக்கு, கடைசியில சொல்றேன்.

உள்ள என்ன நடக்குது?

முதல்ல அடிப்படை. வீல் கூடவே சுத்துற ஒரு வார்ப்பிரும்புத் தட்டு, அதுதான் டிஸ்க். அதை ரெண்டு பக்கமும் கவ்வுற மாதிரி ரெண்டு பேட். அந்த ரெண்டு பேடையும் பிடிச்சிருக்கிற இடுக்கி மாதிரியான பாகம் காலிப்பர்.

நம்ம ஊர்ல ஓடுற சாதாரண கார்கள்ல பெரும்பாலும் இருக்கிறது மிதக்கும் காலிப்பர். இதுல பிஸ்டன் உள் பக்கம் மட்டும்தான் இருக்கும். நீங்க பெடலை மிதிச்சா, பிரேக் ஆயில் அழுத்தத்துல பிஸ்டன் வெளிய வந்து உள் பேடை டிஸ்க் மேல அழுத்தும். அதோட எதிர்விசையில காலிப்பர் மொத்தமும் ரெண்டு பின் மேல வழுக்கி உள் பக்கமா நகரும். அப்படி நகரும்போது வெளிப் பேடும் டிஸ்க் மேல வந்து அழுந்தும். ஒரு பிஸ்டன், ரெண்டு பேட். எளிமையான, அழகான டிசைன்.

ஆனா மொத்தமும் அந்த ரெண்டு பின்னை நம்பி இருக்கு. அதுக்கு ரப்பர் உறை இருக்கும், உள்ள கிரீஸ் இருக்கும். உறை கிழிஞ்சா தண்ணியும் மண்ணும் உள்ள போகும். ஒவ்வொரு மழைக்கும் ரோட்டுல முழங்கால் அளவு தண்ணி நிக்கிற ஊர்ல ஓட்டுறோம், நான் விளக்க வேண்டியதில்ல. பின் துருப்பிடிச்சு இறுகிட்டா காலிப்பர் நகராது. உள் பேட் மட்டும் வேலை செஞ்சு செஞ்சு தேயும். வெளிப் பேட் சும்மா இருக்கும். என் கார்ல நடந்தது இதுதான்.

அப்போ பிரேக் ஆயில் ஏன் குறைஞ்சுது? பேட் தேயத் தேய, பிஸ்டன் இன்னும் கொஞ்சம் வெளிய வந்து நிக்கும். அதுக்குப் பின்னாடி உண்டாகிற இடத்தை நிரப்ப ஆயில் மேல இருக்கிற டப்பாவுல இருந்து இறங்கும். அதனால ஆயில் மட்டம் மெதுவா குறையுதுன்னா ஒண்ணு பேட் தேயுது, இல்லன்னா எங்கயோ லீக் ஆகுது. ரெண்டுல எதுன்னு பார்க்காம மேல ஊத்துறது, என்னை மாதிரி அலர்ட்டை மியூட் பண்ற வேலை.

இன்னொரு கணக்கும் சொல்லிடறேன், இன்ஜினியர் புத்தி. ஆளோட சேர்த்து 1,400 கிலோ இருக்கிற கார், 60 கிலோமீட்டர் வேகத்துல இருந்து நிக்கும்போது சுமார் 194 கிலோஜூல் சக்தி வெப்பமா மாறுது. ஏற்காட்டுல இருந்து சேலம் இறங்கினா உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 1,200 மீட்டர். அது சுமார் 16,500 கிலோஜூல். அதாவது 60-ல இருந்து எண்பது தடவைக்கு மேல முழுசா பிரேக் போட்டு நிறுத்துறதுக்குச் சமம். இதை இன்ஜினும் காத்தும் கொஞ்சம் எடுத்துக்கலைன்னா மொத்தமும் பிரேக்குக்குத்தான் போகும். "ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்"னு மலையில வண்டி ஓட்டுறவங்க சொல்றது இதனாலதான். நான் அன்னைக்கு நாலாவது கியர்ல, பிரேக்ல கால் வச்சபடியே இறங்கினேன். தேஞ்சுபோன பேடுக்கு அது போதும்.

எந்த சத்தத்துக்கு என்ன அர்த்தம்?

சத்தம் கேட்டா முதல்ல மூணு கேள்வி. எப்போ வருது? பிரேக் மிதிச்சா என்ன ஆகுது? எந்த வீல்? இந்த மூணையும் எழுதி வச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. மெக்கானிக்கிட்ட "ஏதோ சத்தம் வருதுண்ணே"ன்னு சொல்றதுக்கும், "மெதுவா போகும்போது இடது முன் பக்கம் கீச்சுன்னு கேட்குது, பிரேக் மிதிச்சா நின்னுடுது"ன்னு சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம்.

எந்த வீல்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. ஆள் நடமாட்டம் இல்லாத தெருவுல, நீளமான காம்பவுண்டு சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு 20 கிலோமீட்டர் வேகத்துல போங்க. சத்தம் சுவர்ல பட்டுத் திரும்பி வரும். அப்புறம் அந்தப் பக்கமா திரும்பி வந்து இன்னொரு பக்கத்தைக் கேளுங்க. பின் சீட்ல ஒரு ஃப்ரெண்டை உட்கார வச்சா முன் வீலா பின் வீலான்னும் தெரிஞ்சுடும்.

இப்போ ஒவ்வொரு சத்தமா பார்ப்போம்.

காலையில முதல் ரெண்டு மூணு பிரேக்குக்கு மட்டும் சரசரன்னு உரசல், அப்புறம் காணோம். ராத்திரி மழை பெஞ்சிருந்தாலோ வண்டியைக் கழுவி நிறுத்தியிருந்தாலோ இது சகஜம். டிஸ்க் வார்ப்பிரும்பு, ஒரே ராத்திரியில மேல லேசா துரு பூத்துடும். பேட் அதைத் துடைச்சுடும். கவலை வேண்டாம்.

பிரேக் மிதிச்சா மட்டும் கீச்சுன்னு கத்துது. பேடும் டிஸ்க்கும் ஒட்டி வழுக்கி, ஒட்டி வழுக்கி, வேகமா அதிர்றதால வர்ற சத்தம். வயலின் கம்பி மேல வில்லை இழுத்தா நாதம் வர்ற அதே தத்துவம், இங்க நாதம் மட்டும் சரியில்ல. தூசி, பேட் பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிடறது, பேடுக்குப் பின்னாடி இருக்கிற மெல்லிய ஷிம் தகடு இல்லாம போறது, பின்ல கிரீஸ் காஞ்சுபோறது, இப்படிப் பல காரணம் இருக்கலாம். பெரும்பாலும் அவசரம் இல்ல, ஆனா பார்க்கணும்.

பிரேக் மிதிக்காம ஓடும்போதே கீச்சுன்னு கேட்குது, மிதிச்சா குறையுது அல்லது நிக்குது. இதைக் கேட்டா காதைத் தீட்டிக்கோங்க. நிறைய பேட்ல ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேட் ரெண்டு மூணு மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ஞ்சதும் அது டிஸ்க்ல உரசிக் கத்தும். தயாரிச்சவங்களே வேணும்னு வச்ச எச்சரிக்கை மணி அது. என் கார் ஆறு வாரமா அடிச்சது இந்த மணியைத்தான். ஒண்ணு கவனிங்க, எல்லா பேட்லயும் இந்த நாக்கு இருக்காது. அதனால கத்தலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் எடுத்துக்க வேண்டாம்.

பிரேக் மிதிச்சா கரகரன்னு அரைக்குது, பெடல்லயே அதிர்வு தெரியுது. இது இரும்பும் இரும்பும் உரசுறதா இருக்கலாம். அப்படின்னா "சனிக்கிழமை பார்த்துக்கலாம்" கிடையாது. பாதுகாப்பா ஓரங்கட்டிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, இல்லன்னா டோ பண்ணுங்க.

மிதிச்சாலும் மிதிக்காட்டியும் தகரத்தைச் சுரண்டுற சத்தம் விடாம வருது. டிஸ்க்குக்குப் பின்னாடி ஒரு மெல்லிய தகடு மூடி இருக்கும். அதுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல ஒரு சின்ன ஜல்லி மாட்டினாலே காது கிழியும். பல நேரம் ஜல்லியை எடுத்தா போதும்.

பள்ளத்துல இறங்கினாலோ பிரேக்கைத் தொட்டாலோ கடக்குன்னு ஒரு தட்டல். பேடை இறுக்கிப் பிடிக்கிற கிளிப் போயிருக்கலாம், காலிப்பர் போல்ட் தளர்ந்திருக்கலாம். போல்ட்டா இருந்தா ஆபத்து, தள்ளிப்போடாதீங்க.

வேகத்துல பிரேக் பிடிச்சா ஸ்டியரிங்கும் பெடலும் துடிக்குது. "டிஸ்க் வளைஞ்சுடுச்சு"ன்னு சொல்வாங்க. உண்மையில பெரும்பாலும் டிஸ்க் வளையுறதில்ல, அதோட தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். 0.02 மில்லிமீட்டர் அளவு வித்தியாசமே கைக்குத் தெரியலாம். நம்ம தலைமுடியை விட மெல்லிசு அது.

கடைசியா, பிரேக் இல்லாத ஒரு சத்தம். வேகம் கூடக் கூட ஊங்காரம் கூடுது, வளைவுல ஒரு பக்கம் திரும்பினா மாறுது. அது வீல் பேரிங்கா இருக்க வாய்ப்பு அதிகம். இதைக் கேட்டுட்டு பேட் மாத்தினா காசுதான் போகும், சத்தம் போகாது. அதே மாதிரி, திடீர்னு அழுத்தி பிரேக் போடும்போது பெடல் டரடரன்னு உதைச்சா அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்யுற சத்தம். காலை எடுக்காம அழுத்திட்டே இருங்க.

வீலைக் கழட்டிப் பார்க்கலாம்

இதெல்லாம் ஊகம் வரைக்கும்தான். இனிமே கண்ணால பார்க்கணும். தானா செய்ய தைரியம் இல்லன்னா பரவாயில்ல, மெக்கானிக் செய்யும்போது பக்கத்துல நின்னு என்ன கேட்கணும்னு தெரிஞ்சாலே போதும்.

சமதளமான இடத்துல நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, ஜாக்கி வைக்காத பக்கத்து டயர்களுக்கு முன்னயும் பின்னயும் கல் வைங்க. வீல் நட்டை வண்டி தரையில இருக்கும்போதே லேசா தளர்த்திக்கோங்க. அப்புறம் ஜாக்கி. வண்டியோட வர்ற ஜாக்கி ஸ்டெப்னி மாத்த மட்டும்தான். கையை உள்ள விட்டு வேலை பார்க்கணும்னா ஜாக் ஸ்டாண்டு வேணும். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில போகவே கூடாது. இப்போதான் ஓட்டிட்டு வந்திருந்தீங்கன்னா டிஸ்க்கைத் தொடாதீங்க, சூடு தோலை உரிச்சுடும்.

வீலைக் கழட்டினதும் முதல்ல பேட். இரும்புத் தகட்டை விட்டுட்டு, அதுமேல இருக்கிற உரசல் பொருளோட தடிமனை மட்டும் பாருங்க. புதுசுல பொதுவா 10, 12 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டர் வந்துட்டா மாத்துற நேரம். வெளிப் பேட், உள் பேட் ரெண்டையும் பாருங்க. காலிப்பர் நடுவுல பெரும்பாலும் ஒரு ஜன்னல் இருக்கும், அது வழியா டார்ச் அடிச்சா உள் பேட் தெரியும். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா பேட் மாத்துறதோட விடக்கூடாது. ஏன் வித்தியாசம் வந்துச்சு? பின் நகருதா? பிஸ்டன் திரும்ப உள்ள போகுதா? இதைக் கேட்காம புது பேட் மட்டும் போட்டா, அதுவும் அதே மாதிரி தேஞ்சுடும்.

அடுத்து டிஸ்க்கோட முகம். ரெண்டு பக்கமும் பாருங்க. மெல்லிய வட்டக் கோடுகள் சகஜம். ஆறினதுக்கு அப்புறம் விரல் நகத்தை உள்ள இருந்து வெளிய இழுத்துப் பாருங்க. நகம் தடுக்கி மாட்டுற அளவுக்குப் பள்ளம் இருந்தா அளந்து பார்க்கணும். அங்கங்க நீலம் பூத்த திட்டு, அதிக சூடு கண்டதோட அடையாளம். ஓரம் வரைக்கும் ஓடுற விரிசல் இருந்தா அளக்கவே வேண்டாம், மாத்திடுங்க.

பிளஸ் ஒன் லேப் ஞாபகம் இருக்கா?

இப்போ முக்கியமான கட்டம். டிஸ்க் எவ்வளவு தேயலாம்னு அந்த டிஸ்க்லயே எழுதியிருக்கும். நடுவுல தொப்பி மாதிரி இருக்கிற பாகத்துலயோ வெளி ஓரத்துலயோ, குறைந்தபட்சத் தடிமன்னு ஒரு எண் பொறிச்சிருப்பாங்க. துரு மூடியிருந்தா கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுப் பாருங்க. தெரியலைன்னா அந்த மாடலோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். வண்டிக்கு வண்டி இது மாறும். என் கார்ல புதுசுல 22 மில்லிமீட்டர், குறைந்தபட்சம் 20. அதாவது தேய அனுமதி மொத்தமே 2 மில்லிமீட்டர்.

அளக்க என்ன வேணும்? பிளஸ் ஒன் இயற்பியல் லேப்ல வெர்னியரும் ஸ்க்ரூ கேஜும் பிடிச்சு, மீச்சிற்றளவு கண்டுபிடிச்சு, ரெக்கார்டு நோட்டுல எழுதினோமே. இதுக்கெல்லாம் எங்க பயன்னு அப்போ கேட்டோமே. இதுக்குத்தான். ஸ்க்ரூ கேஜைத்தான் ஒர்க்‌ஷாப்ல மைக்ரோமீட்டர்னு சொல்றாங்க. மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர்.

வெர்னியர்ல ஒரு பொறி இருக்கு, நானே விழுந்திருக்கேன். பேட் படாத வெளி ஓரம் தேயாது. அதனால டிஸ்க் விளிம்புல ஒரு உதடு மாதிரி மேடு நிக்கும். வெர்னியரோட தட்டையான வாய் அந்த மேட்டுல உட்கார்ந்துடும். நீங்க தேஞ்ச இடத்தை அளக்கிறதா நினைப்பீங்க, அது தேயாத ஓரத்தைக் காட்டும். "அட, புதுசு மாதிரி இருக்கே"ன்னு ஏமாந்துடுவீங்க.

மைக்ரோமீட்டர் இல்லன்னா ஒரு வழி. ஒரே மாதிரியான ரெண்டு ஒரு ரூபாய் காசு எடுங்க. ரெண்டையும் சேர்த்து வச்சு தடிமனை அளந்து குறிச்சுக்கோங்க. அப்புறம் டிஸ்க்கோட ரெண்டு பக்கமும், தேஞ்ச பரப்புல, ஆளுக்கொரு காசா வச்சு, காசுக்கு மேல வெர்னியரைப் பிடிச்சு அளங்க. வந்த எண்ணுல இருந்து காசோட தடிமனைக் கழிச்சுடுங்க. மேடு தொல்லை பண்ணாது.

ஒரே இடத்துல அளந்துட்டு விடாதீங்க. விளிம்புல இருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ள, சுத்தி எட்டு இடத்துல அளந்து எழுதுங்க. குறைஞ்ச எண்ணைத்தான் டிஸ்க்ல பொறிச்சிருக்கிற எண்ணோட ஒப்பிடணும். துடிப்பு புகார் இருந்தா, எட்டு எண்ணுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் முக்கியம். அந்தச் சின்ன வித்தியாசத்தை வெர்னியரும் காசும் பிடிக்காது, அதுக்கு மைக்ரோமீட்டர் கட்டாயம். சுத்தும்போது டிஸ்க் ஆடுதான்னு பார்க்க டயல் கேஜ் வேணும், அது ஒர்க்‌ஷாப் வேலை.

முடிவு எடுக்கிறது இப்போ சுலபம். குறைந்தபட்சத்துக்குக் கீழ வந்துட்டா பேச்சே இல்ல, ரெண்டு பக்க டிஸ்க்கும் ஜோடியா மாத்தணும். மெலிஞ்ச டிஸ்க் சீக்கிரம் சூடாகும், விரிசல் விடலாம், பிஸ்டனும் அளவுக்கு மீறி வெளிய வந்து நிக்கும். நிறைய மிச்சம் இருந்தா விட்டுடலாம். நடுவுல இருந்தா ஒரு கேள்வி: நான் போடப் போற புது பேட் தேயுற வரைக்கும் இந்த டிஸ்க் தாங்குமா? 20-க்கு 20.3 இருந்தா தாங்காது, பேடோட சேர்த்து மாத்துறதுதான் லாபம்.

அந்த ரெண்டாவது கதை

போன வருஷம் அதே கார், திரும்ப ஒரு கீச். இந்தத் தடவை தள்ளிப்போடல, மறுநாளே சர்வீஸுக்கு விட்டேன். மதியம் போன். "சார், முன் டிஸ்க் ரெண்டும் போயிருச்சு, ஓரத்துல மேடு கட்டிடுச்சு. டிஸ்க், பேட் எல்லாம் சேர்த்து பதினோராயிரம் ஆகும். சேஃப்டி விஷயம் சார்."

சேஃப்டின்னு சொன்னதும் எனக்கு ஏற்காடு ஞாபகம் வந்துச்சு. அம்மா ரோட்டோரத்துல முந்தானையை வாயில வச்சுகிட்டு நின்னது ஞாபகம் வந்துச்சு. "மாத்திடுங்க"ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. பயம்கிறது அப்படித்தான் வேலை செய்யுது. ஒரு காலத்துல அலட்சியம் எப்படி என்னை யோசிக்க விடலையோ, இப்போ பயம் யோசிக்க விடல.

ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அளவு எவ்வளவு சார் வந்திருக்கு?"

"அளக்கலை சார், பார்த்தாலே தெரியுது."

நேர்ல போனேன். சண்டை போடல, அளந்து காட்டச் சொன்னேன். அங்க வேலை பார்க்கிற தம்பி மைக்ரோமீட்டர் எடுத்துட்டு வந்து அளந்தார். எட்டு இடத்துலயும் 21.2-க்குக் குறையல. தேய அனுமதி 2, தேஞ்சது 0.8. பாதி கூட ஆகல. பேட் 6 மில்லிமீட்டர். அப்போ கத்தினது எது? பின்னை இழுத்துப் பார்த்தா கிரீஸ் காஞ்சு கெட்டியாகி இருக்கு. சுத்தம் பண்ணி, பிரேக்குக்குன்னு இருக்கிற கிரீஸ் தடவி, பேடோட ஓரங்களை பிரஷ் போட்டுத் துடைச்சு மாட்டினார். சத்தம் இல்ல. பதினோராயிரம் கேட்ட இடத்துல சில நூறுல முடிஞ்சுது.

அந்த அட்வைசர் ஏமாத்தினார்னு நான் சொல்ல மாட்டேன். ஏற்காட்டுக்கு முன்னாடி நான் பண்ண அதே தப்பைத்தான் அவரும் பண்ணார், கண்ணால பார்த்து முடிவு எடுத்தார். நான் "நல்லா இருக்கு"ன்னு எடுத்தேன், அவர் "போயிருச்சு"ன்னு எடுத்தார். ரெண்டு பேருமே அளக்கல.

செய்யக் கூடாதது

சத்தம் நிக்கணும்னு டிஸ்க் மேல எண்ணெய், கிரீஸ், துரு நீக்குற ஸ்ப்ரே எதையும் அடிக்காதீங்க. சத்தம் நிக்கும், கார் நிக்காது. டிஸ்க்கைத் துடைக்க பிரேக் கிளீனர்னே தனியா விக்குது.

பிரேக் தூசியை வாயால ஊதாதீங்க, காத்தடிச்சுப் பறக்கவிடாதீங்க. ஈரத்துணியில துடைங்க.

காலிப்பரைக் கழட்டினா ஆயில் ஹோஸ்ல தொங்க விடாதீங்க, கம்பி போட்டுக் கட்டுங்க. கழட்டி இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. எல்லாம் மாட்டினதும், வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகிற வரைக்கும் நாலஞ்சு தடவை மிதிங்க. இதை மறந்தா முதல் பிரேக்குக்கு பெடல் தரை வரைக்கும் போகும்.

புது டிஸ்க் போடும்போது, அது உட்கார்ற ஹப் மேல இருக்கிற துருவைத் தேய்ச்சு எடுத்தாங்களான்னு பாருங்க. அங்க ஒரு துருத் துணுக்கு மாட்டினாலே டிஸ்க் ஆட ஆரம்பிக்கும், கொஞ்ச நாள்ல துடிப்பு வரும். புது பேட் போட்டதும் காலியான ரோட்டுல 50-ல இருந்து 10 வரைக்கும் மிதமா பிரேக் பிடிச்சு, எட்டு பத்து தடவை பழக்குங்க. நடுநடுவுல ஆற விடுங்க.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தா கொதிநிலை இறங்கும். டாட் 4 ரகம் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும், ஈரம் ஏறினதுக்கு அப்புறம் அந்த வரம்பு 155 தான். மலை இறங்கும்போது ஆயில் கொதிச்சு ஆவி உண்டானா பெடல் பஞ்சு மாதிரி ஆகிடும். பொதுவா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க, உங்க மேனுவலைப் பாருங்க.

இந்த வார வேலை

ஞாயித்துக்கிழமை காலையில பத்து நிமிஷம் ஒதுக்குங்க. கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்திட்டு, ஒரு சுவரை ஒட்டி ஓட்டிப் பாருங்க. வந்ததும் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் மட்டத்தை ஒரு போட்டோ எடுத்து வைங்க. அடுத்த மாசம் அதே இடத்துல இன்னொரு போட்டோ. குறைஞ்சிருந்தா ஊத்தாதீங்க, வீலைக் கழட்டச் சொல்லுங்க. அடுத்த சர்வீஸ்ல மூணு எண் கேட்டு வாங்குங்க: உள் பேட் எவ்வளவு, வெளிப் பேட் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு. பில்லு பின்னாடியே எழுதி வைங்க. ரெண்டு சர்வீஸ் போனா எவ்வளவு வேகத்துல தேயுதுன்னு உங்களுக்கே தெரியும், யாரும் பயமுறுத்தவும் முடியாது.

அந்த மெக்கானிக் அண்ணன் கொடுத்த தேஞ்சுபோன உள் பேட் இப்பவும் என் டெஸ்க்ல மானிட்டர் பக்கத்துல இருக்கு. ஆபீஸ்ல ஏதாவது அலர்ட் வந்து, "அப்புறம் பார்த்துக்கலாம்"னு மியூட் பட்டனுக்குக் கை போகும்போது கண்ணுல படும். கை நின்னுடும்.

அடுத்த வாரம் திரும்ப டெக் பக்கம் போவோம். அதுவரைக்கும் பார்த்து ஓட்டுங்க மக்களே.